செஸ் எஞ்சின்களுக்கு ரேட்டிங்: நியாயமான சோதனை எது?

1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் விஸ்வநாதன் ஆனந்த், ரெபெல் 10 என்ற கணினி நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். நிரலை எழுதியவர் நெதர்லாந்துக்காரரான எட் ஷ்ரோடர். மொத்தத்தில் ரெபெலுக்கு 5 புள்ளி, ஆனந்துக்கு 3. அந்த எட்டும் ஒரே வகை ஆட்டங்கள் இல்லை. முதல் வகை ஐந்து நிமிட பிளிட்ஸ், நகர்த்தலுக்கு ஐந்து விநாடி கூடுதல். இதில் நான்கு ஆட்டங்கள்; ரெபெல் 3–1 என்று வென்றது. அடுத்தது பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு. ரெபெலுக்கு ஒன்றரை, ஆனந்துக்கு அரை. கடைசி இரண்டும் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் தரும் முழுநீள ஆட்டங்கள். அவற்றில் ஆனந்துக்கு ஒன்றரை, ரெபெலுக்கு அரை.

ஆடியவர்கள் அதே இருவர்தான். கடிகாரம் முழுநீளமானதும் தராசு ஆனந்தின் பக்கம் சாய்ந்தது. அந்தக் காலத்தில் மனிதரும் கணினியும் மோதிய மற்ற சந்திப்புகளிலும் இதே போக்குதான் தெரிந்தது. அப்படியிருக்க மூன்று வகையையும் கூட்டி 5–3 என்று ஒரே வரியில் சொன்னால், எதை அளந்தோம் என்பதே மறைந்துபோகிறது. எட்டு ஆட்டம், அதிலும் வகைக்கு இரண்டோ நான்கோ ஆட்டம் என்பது எதையும் முடிவுகட்டப் போதாத எண்ணிக்கை என்பது இன்னொரு சிக்கல். அதற்கு முந்தைய ஆண்டு, 1997 மே மாதம், நியூயார்க்கில் டீப் புளூ என்ற கணினி காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்றது. அதுவும் ஆறே ஆட்டங்கள். வரலாறாக அது பெரியது. அளவீடாகப் பார்த்தால் மிகச் சிறியது.

ஒரு செஸ் எஞ்சினின் பலத்தை எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற கேள்வி மேற்குச் சென்னையின் மேனாம்பேட்டுக்குத் தொலைவில் இருக்கும் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று வென்று உலக சாம்பியனான குகேஷ் படித்த வேலம்மாள் பள்ளி, பக்கத்து மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா பாடிப் பக்கத்துப் பிள்ளை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு மேற்குச் சென்னையின் தெருக்களில் செஸ் வகுப்புப் பலகைகள் பெருகின. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைகள் செல்போனில் ‘1600 பாட்’, ‘2000 பாட்’ என்று பெயர் போட்ட நிரல்களோடு ஆடுகிறார்கள். 1600 பாட்டை ஜெயித்த பிள்ளைக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் ஏன் 1600 வரவில்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்குச் செஸ் எஞ்சின் எழுதும் மாணவர்கள், இருபது ஆட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எங்கள் எஞ்சின் 2200’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். இந்த இரு சாராருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நேரம், இயந்திரம், எதிராளிகள், ஆட்ட எண்ணிக்கை ஆகியவை கூடவே வராத ரேட்டிங் எண்ணை நம்ப முடியாது.

ரேட்டிங் முறையை வகுத்த ஆர்பட் எலோ ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்தவர். ஃபிடே அவரது முறையை 1970-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கு இடையிலான புள்ளி வித்தியாசம், அவர்கள் மோதினால் எத்தனை விழுக்காடு எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்லும். முறைக்குள் இருப்பது அவ்வளவுதான். வித்தியாசம் 100 என்றால் மேலே இருப்பவருக்கு 64 விழுக்காடு. 200 என்றால் 76. தனியாக நிற்கும் 2200-க்கோ 2800-க்கோ பொருள் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாருடைய ரேட்டிங்கிலும் ஆயிரத்தைக் கூட்டிவிட்டாலும் முறை கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்யும்.

ஆகவே எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடி ஒரு பட்டியல் உருவானால், அந்தப் பட்டியலுக்குள் வித்தியாசங்கள் மட்டுமே உண்மை. அதை மனிதர்களின் அளவோடு கட்ட ஒரு முளை அடிக்க வேண்டும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்கள் சுவீடன் நாட்டுச் செஸ் கணினிச் சங்கத்தார். எஸ்எஸ்டிஎஃப் என்று அழைக்கப்படும் அந்தத் தன்னார்வலர் சங்கம் 1984 முதல் பட்டியல் வெளியிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் இரண்டு செஸ் கணினிப் பலகைகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்று காட்டிய நகர்த்தலை இன்னொன்றில் கையால் நகர்த்தி, 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற முழு ஆட்டங்களை இரவிரவாக உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள். 1987 முதல் 1991 வரை சுவீடனின் போட்டி ஆட்டக்காரர்களுக்கும் கணினிகளுக்கும் நடந்த 337 ஆட்டங்களை வைத்துப் பட்டியலின் மட்டத்தை நிர்ணயித்தார்கள். பட்டியலின் மேல்பகுதி மனிதர்களின் அளவைவிட ஊதிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் 2000-ல் எல்லா எண்களையும் 100 புள்ளி இறக்கினார்கள். தாங்கள் வெளியிட்ட எண்ணைத் தாங்களே திருத்திய அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்று அந்த முளை அறுந்துவிட்டது. முன்னணிப் பட்டியல்களில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் 3600-க்கு மேல் நிற்கிறது. மனிதர் எட்டிய உச்சம் கார்ல்சன் 2014-ல் தொட்ட 2882. இடைவெளி எழுநூறுக்கும் அதிகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 3600-ஐ மனிதர்களோடு ஆடி யாரும் அளக்கவில்லை. எஞ்சின் மேல் எஞ்சினாக அடுக்கி வந்த எண் அது. எஞ்சின்கள் தங்களுக்குள் காட்டும் வித்தியாசம் மனிதர் முன்னால் அதே அளவில் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

செல்போன் பாட் விஷயமும் இதே கணக்கில்தான் வரும். ஸ்டாக்ஃபிஷுக்குள்ளேயே பலத்தைக் குறைத்து ஆடவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 1320 முதல் 3190 வரை எந்த எண்ணையும் வைக்கலாம். இரண்டு நிமிடம், நகர்த்தலுக்கு ஒரு விநாடி கூடுதல் என்ற நேரத்தில், சிசிஆர்எல் என்ற எஞ்சின் பட்டியலோடு பொருத்தி அந்த எண்கள் அமைக்கப்பட்டன. அதில் ஃபிடேயின் பங்கு ஒன்றுமில்லை. பலம் குறைக்கப்பட்ட எஞ்சின், ஒரு நகர்த்தலில் கிராண்ட்மாஸ்டராகவும் அடுத்ததில் யானையைத் தானமாகக் கொடுப்பவராகவும் ஆடும். 1600 ரேட்டிங் உள்ள பத்து வயதுப் பிள்ளை செய்யும் தவறுகள் வேறு விதம். போதாததற்கு மனிதர்களின் அளவுகோலே 2024 மார்ச் 1 அன்று நகர்ந்தது. 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000-ஐ எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது விழுக்காட்டை ஃபிடே கூட்டிக் கொடுத்தது. 1500 ஒரே நாளில் 1700 ஆனது. குறைந்தபட்ச ரேட்டிங் 1000-லிருந்து 1400-க்கு ஏறியது. பாட்டின் பெயர்ப்பலகை மாறவே இல்லை. அந்த 1600-ஐ இந்த 1600-ஓடு வைத்துப் பார்த்துப் பிள்ளையைக் கடிந்துகொள்வது பெரிய அநியாயம்.

இனி சோதனைக்கூடத்துக்குள் போகலாம்.

முதலில் இயந்திரம். ஒரே எஞ்சினின் பலம்கூட அது ஒரு விநாடியில் எத்தனை நிலைகளைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மாறும். வேகமான கணினியில் ஓடிய எஞ்சினையும் மெதுவான கணினியில் ஓடிய எஞ்சினையும் ஒப்பிட்டால் அது கணினிகளுக்கு இடையிலான போட்டிதான். சிசிஆர்எல் குழுவினர் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கணினிகளில் ஆட்டங்களை ஓட்டுபவர்கள். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு கணினியை அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். நீண்ட காலம் அது ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2 4600+ ஆக இருந்தது. அப்போது ஒவ்வொருவரும் கிராஃப்டி என்ற பழைய எஞ்சினைத் தம் கணினியில் ஓட்டி வேகத்தை அளந்தார்கள். அடிப்படைக் கணினியைவிட இரண்டு மடங்கு வேகம் என்றால் ஆட்ட நேரம் பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மைக்ரோமீட்டரை மாஸ்டர் கேஜில் வைத்துப் பார்க்காமல் யாரும் அளவு எழுதமாட்டார்கள்.

சென்னையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் மடிக்கணினியில் சோதனை ஓட்டினால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினால் மின்சேமிப்பு முறைக்குப் போய் இன்னும் மெதுவாகும். பகலில் ஒரு பதிப்பையும் ராத்திரியில் இன்னொரு பதிப்பையும் தனித்தனியே ஒரே எதிராளியோடு ஆடவிட்டு ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு எஞ்சினுடையது, எவ்வளவு வெயிலுடையது என்று பிரிக்க வழியே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இயந்திரத்தில் மோதினால் வேகம் குறைவது இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். நம் ஊரில் சோதிப்பவர்கள் இதை முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதி, அதாவது பாண்டர், அணைக்கப்பட வேண்டும். ஒரே கணினியில் இரண்டு எஞ்சின் ஓடும்போது ஒன்றின் முறையில் இன்னொன்றும் யோசித்தால் செயலி பங்கு போடப்பட்டுவிடும். நினைவகத்தில் ஒதுக்கும் ஹாஷ் இரண்டுக்கும் சமமாக இருக்க வேண்டும். இறுதியாட்டத் தரவுத்தளத்தை ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்கும் கொடுக்க வேண்டும். நான்கு கோர் உள்ள கணினியில் எட்டு ஆட்டங்களை ஒரே சமயத்தில் ஓட்டினால், நேரம் தவறித் தோற்கும் ஆட்டங்கள் பெருகும். அந்தத் தோல்விகளை எஞ்சினின் கணக்கில் சேர்ப்பதா, சோதனையின் பிழையாக ஒதுக்குவதா என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் விதிக்கு மதிப்பில்லை.

தொடக்க நிலைகள் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதிதாகச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ஒரே கோரில் ஓடும் எஞ்சின் பெரும்பாலும் ஒரே நிலையில் ஒரே நகர்த்தலையே தேர்ந்தெடுக்கும். ஆரம்ப நிலையிலிருந்து நூறு ஆட்டம் விட்டால் அதே ஆட்டம், அல்லது அதன் சில கிளைகள், திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆட்டத்தை நூறு முறை எண்ணிவிட்டு நூறு ஆட்டம் என்று சொல்வது போலாகிவிடும். பழைய காலத்தில் எஞ்சின்கள் தங்கள் சொந்த ஓப்பனிங் புத்தகத்தோடு வந்தன. அதனால் வேறொரு கோணல் உண்டாயிற்று. எதிராளியின் குறிப்பிட்ட பதிப்பு எந்த வரியில் சறுக்குகிறது என்று கண்டுபிடித்து, அந்த வரியைப் புத்தகத்தில் புதைத்து வைப்பார்கள். ஜெயித்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி அதையே ஆடும் கற்றல் வசதியும் இருந்தது. புத்தகம் தயாரித்தவரின் உழைப்புக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பட்டியல் அளப்பதாகச் சொன்னது எஞ்சினின் யோசிக்கும் பலத்தை. புத்தகமும் சேர்ந்த மொத்தத் தயாரிப்பை அளக்கிறோம் என்றால் பட்டியலின் தலைப்பிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நிலைபெற்றுவிட்ட முறை, எல்லா எஞ்சினுக்கும் பொதுவான தொடக்க நிலைகளின் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை ஆடவிடுவது. முதலில் ‘அ’வுக்கு வெள்ளை, அடுத்து ‘ஆ’வுக்கு வெள்ளை. நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இரண்டு ஆட்டத்தில் கணக்கு நேராகிவிடும். 2010-ல் மார்ட்டின் தோரெசென் தொடங்கிய டிசிஇசி போட்டியிலும் இறுதிக்கட்டங்களில் இப்படித்தான் ஆடுகிறார்கள். ஜெரோன் நூமென் பல பருவங்களுக்கு ஓப்பனிங்குகளைத் தேர்ந்து கொடுத்தார்.

எஞ்சின்கள் பலமாகப் பலமாக இன்னொரு தொல்லை வந்தது. சமமான நிலையிலிருந்து உச்ச எஞ்சின்கள் மோதினால் ஏறக்குறைய எல்லாமே டிரா. ஆயிரம் ஆட்டம் ஓட்டினாலும் அதிலிருந்து ஒன்றும் கற்க முடியாது. ஆகவே வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த, ஜெயிக்கலாமா கூடாதா என்று விளிம்பில் நிற்கும் நிலைகளிலிருந்து தொடங்குகிறார்கள். ஷ்டெஃபான் போல் தொகுத்த அத்தகைய நிலைகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. நல்ல பக்கத்தை வைத்துக்கொண்டு ஜெயித்து, கெட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு டிரா செய்யும் எஞ்சின் மேலானது. இந்த இடத்தில் தனி ஆட்டத்தைவிட ஆட்ட இணையே அடிப்படை அலகாகிறது. இணைக்கு 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து முடிவுகள். அந்த ஐந்தையும் வைத்துப் பிழை அளவைக் கணக்கிடுவதே சரி. சாய்ந்த நிலைகளில் கிடைத்த புள்ளி வித்தியாசம் சமநிலையில் கிடைப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு வகைப் பட்டியலின் எண்களை ஒன்றாகக் கலந்து பேசுவது இன்றும் நடக்கும் பிழை.

இனி எத்தனை ஆட்டம் என்ற கேள்வி. சமமான இரண்டு எஞ்சின்கள், பத்தில் மூன்று ஆட்டம் டிரா என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆட்டத்தில் கிடைக்கும் ரேட்டிங் வித்தியாசத்துக்கு 95 விழுக்காடு நம்பிக்கையில் பிழை எல்லை, கூட்டியும் கழித்தும் சுமார் 130 புள்ளி. நூறு ஆட்டத்தில் 57. ஆயிரத்தில் 18. பத்தாயிரம் ஓட்டினால்தான் 6-க்கு வரும். எல்லையைப் பாதியாக்க ஆட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். இருபது ஆட்டத்தை வைத்து ‘பழைய பதிப்பைவிட 50 புள்ளி கூடிவிட்டது’ என்று எழுதுவதற்கும் நாணயம் சுண்டிப் பார்த்துவிட்டு எழுதுவதற்கும் அதிக தூரமில்லை. கல்லூரி ஆசிரியர்கள் இந்த நான்கு எண்களையும் மாணவர்களின் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டால் எத்தனையோ வீண் அறிக்கைகளைத் தவிர்க்கலாம்.

எண்ணிக்கையை முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால் இன்னொரு தவறு நுழையும். முன்னிலையில் இருக்கும்போது நிறுத்திவிடுவது, பின்தங்கினால் ‘இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’ என்று விடுவது. மனித மனம் இயல்பாகச் செய்வது இது. கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. அதற்குச் சரியான மருந்து ஏற்கெனவே இருந்தது. அதைக் கண்டவருக்கும் நம் மாநிலத்துக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு.

ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலாளர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தார். ஆயுதத் தொழிற்சாலையில் ஒரு கட்டுச் சரக்கு நல்லதா என்று பார்க்க இத்தனை உருப்படியைச் சோதிக்க வேண்டும் என்று முன்பே எண்ணிக்கை வகுப்பது வழக்கம். வால்ட் வேறு வழி சொன்னார். ஒவ்வோர் உருப்படியையும் பார்த்தவுடன் அதுவரை சேர்ந்த சான்றைக் கணக்கிடு. மேல் எல்லையைத் தாண்டினால் ஏற்றுக்கொள். கீழ் எல்லையைத் தாண்டினால் தள்ளு. இடையில் இருந்தால் அடுத்ததை எடு. எல்லைகளை முன்கூட்டியே வகுத்துவிடுவதால் எப்போது நிறுத்தினாலும் தவறும் வாய்ப்பு நாம் விதித்த அளவுக்குள் நிற்கும். சராசரியாகக் குறைந்த சோதனையிலேயே முடிவும் கிடைக்கும். போர் முடியும்வரை இது ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. 1950-ல் இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணமாக வந்த வால்ட், டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் ரங்கசாமித் தூண் அருகே நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 48. கோத்தகிரிப் பக்கத்து அந்த மலையில் முடிந்த வாழ்வின் கணக்கு, இன்று பல பெரிய செஸ் எஞ்சின் சோதனைகளை நடத்துகிறது. நம் ஊரில் இதை அறிந்தவர்கள் சிலரே என்பது எனக்கு வருத்தம்.

ஸ்டாக்ஃபிஷுக்காக கேரி லின்ஸ்காட் 2013-ல் அமைத்த ஃபிஷ்டெஸ்ட் சோதனை முறை வால்டின் கணக்கில் ஓடுகிறது. நிரலில் யாராவது ஒரு மாற்றம் முன்மொழிந்தால், தன்னார்வலர்கள் தரும் கணினிகளில் பழைய பதிப்போடு மோதவிடுவார்கள். முதலில் பத்து விநாடி, நகர்த்தலுக்கு 0.1 விநாடி கூடுதல். அதில் தேறினால் அறுபது விநாடி, 0.6 கூடுதல். இரண்டிலும் தேறினால்தான் மாற்றம் உள்ளே போகும். ஒன்றிரண்டு புள்ளி முன்னேற்றத்தைப் பிடிக்கப் பல்லாயிரம் ஆட்டங்கள் ஓடுகின்றன. முன்மொழியப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை தோற்கின்றன. அவற்றில் பலவும் எழுதியவருக்கு நிச்சயம் பலன் தரும் என்று பட்டவை. தோற்ற சோதனைகளும் எல்லாரும் பார்க்கும்படி பதிவாகின்றன. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஐந்து விழுக்காடு தவறு வாய்ப்போடு இருபது வெற்று மாற்றங்களைச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. தேறியதை மட்டும் காட்டி மற்ற பத்தொன்பதை மறைத்தால், எவ்வளவு நல்ல புள்ளியியலும் பொய்ச்சாட்சியாகிவிடும்.

சோதனை நிபந்தனைகள் முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் பற்றிய இரண்டு அறிக்கைகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் அறிக்கையில் ஆல்ஃபாஸீரோ ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ நூறு ஆட்டத்தில் 28 வென்று, 72 டிரா செய்து, ஒன்றுகூடத் தோற்காமல் வீழ்த்தியது. உலகமே அதிர்ந்தது. சோதனை தெரிந்தவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று நேரம் கட்டப்பட்டிருந்தது. கடினமான நிலையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஸ்டாக்ஃபிஷின் திறமை அங்கே பயனற்றுப் போயிற்று. 64 திரெட் ஓடிய எஞ்சினுக்கு 1 ஜிபி ஹாஷ் மட்டும் தரப்பட்டது. ஓப்பனிங் புத்தகமும் கிடையாது. ஒரு பக்கம் சாதாரணச் செயலி, மறுபக்கம் கூகுளின் சிறப்புச் செயலியான டிபியூ.

2018 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் பல குறைகள் சரிசெய்யப்பட்டிருந்தன. மூன்று மணி நேரம், நகர்த்தலுக்கு 15 விநாடி கூடுதல், ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ், ஆயிரம் ஆட்டங்கள். ஆல்ஃபாஸீரோ 155 வென்று 6 தோற்றது, மீதி டிரா. இரண்டையும் எலோ கணக்கில் போட்டுப் பார்த்தேன். முதலாவது 64 விழுக்காடு, அதாவது 100 புள்ளி முன்னிலை. பிழை எல்லையோடு 68 முதல் 134 வரை. இரண்டாவது 57.45 விழுக்காடு, 52 புள்ளி. எல்லை 44 முதல் 60. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே பாதிக்குப் பாதி குறைந்ததை அதிர்ஷ்டத்தின் தலையில் போட முடியாது. ஆல்ஃபாஸீரோ பலமானது என்பது இரண்டாவது சோதனையிலும் நின்றது. அதை மறுப்பவன் நானில்லை. எவ்வளவு பலம் என்ற எண் மட்டும் நிபந்தனைகள் மாறியதும் சரிபாதியாகிவிட்டது.

டிபியூவையும் சாதாரணச் செயலியையும் எப்படிச் சமன்செய்வது என்பது அன்றைக்கும் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. லீலா போன்ற நரம்பு வலை எஞ்சின்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் 2020 செப்டம்பரில் 12-ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலையைச் சேர்த்துக்கொண்டாலும் சாதாரணச் செயலியிலேயே ஓடுகிறது. விலையால் சமன்செய்யலாம், மின்சாரச் செலவால் சமன்செய்யலாம். இரண்டுமே ஓர் அளவுக்கு மேல் நம் தீர்ப்புதான். என் சாய்வு மின்சாரத்தின் பக்கம். விலை மாதாமாதம் மாறும், வாட் மாறாது. எதைத் தேர்ந்தாலும் இரண்டு இயந்திரங்களின் விவரமும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.

எதிராளிகளின் வம்சாவளியையும் பார்த்தாக வேண்டும். ஃபேபியன் லெட்டூசே 2005-ல் ஃப்ரூட் 2.1 எஞ்சினின் மூலநிரலை வெளியிட்டார். அதிலிருந்தும் கிராஃப்டியிலிருந்தும் எடுத்ததாகச் சொல்லி, ரிப்கா என்ற எஞ்சினின் 2007 முதல் 2010 வரையிலான உலக சாம்பியன் பட்டங்களைக் கணினி விளையாட்டுச் சங்கமான ஐசிஜிஏ 2011-ல் பறித்தது. அந்தத் தண்டனை பற்றிய வழக்கு ஃபிடே வரை போனது. 2015-ல் ஃபிடேயின் ஒழுக்கக் குழு, ரிப்காவை எழுதியவருக்கு விதித்த வாழ்நாள் தடை முறையல்ல என்றது. உரிமை வழக்கை ஒதுக்கிவிட்டுச் சோதனையின் கண்ணால் பார்த்தாலும் விஷயம் இருக்கிறது. பத்து எதிராளிகளில் எட்டு பேர் ஒரே மூலநிரலின் பிள்ளைகள் என்றால், பத்து பேரோடு ஆடியதாகச் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்கு உள்ள குருட்டுப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்த எஞ்சின் எட்டு பேரிடமும் ஒரே தந்திரத்தால் புள்ளி வாங்கும். தன் பழைய பதிப்போடு மட்டும் ஆடினாலும் இதே கதைதான்; அங்கே 30 புள்ளி என்று தெரிவது, பல குடும்பத்து எதிராளிகளிடம் போனால் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

மேனாம்பேட்டில் வீட்டில் ஒரு மடிக்கணினி வைத்திருக்கும் மாணவருக்கு இதெல்லாம் எட்டாத உயரமில்லை. ஆட்டங்களை நடத்த கட்செஸ், ஃபாஸ்ட்செஸ் போன்ற நிரல்கள் இலவசம். ரேட்டிங் கணக்கிட ரெமி கூலோமின் பேயெஸ்எலோ, மிகுவெல் பல்லிகோராவின் ஓர்டோ இரண்டும் இலவசம். ஐந்து காய் வரைக்குமான இறுதியாட்டத் தரவுத்தளம் 1 ஜிபிக்குள் அடங்கும். தன் எஞ்சினுக்குப் பக்கத்துப் பலத்தில், வெவ்வேறு மூலநிரல்களிலிருந்து வந்த ஆறேழு எதிராளிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர்களின் பட்டியல் எண்ணை நங்கூரமாக வைத்து, ‘இந்தப் பட்டியலின் அளவில், இந்த நேரத்தில், இவ்வளவு பிழை எல்லையோடு’ என்று தன் எண்ணை எழுதலாம். எல்லா ஆட்டங்களையும் பிஜிஎன் கோப்பாக அறிக்கையோடு இணைத்துவிட்டால், சந்தேகம் உள்ளவர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

நேரக் கணக்கும் பயமுறுத்துவதாக இல்லை. பத்து விநாடி, 0.1 கூடுதல் என்ற நேரத்தில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரை நிமிடம். நான்கு கோரில் ஒன்றைக் கணினியின் மற்ற வேலைக்கு விட்டுவிட்டு மூன்று ஆட்டம் ஒன்றாக ஓடினால் மணிக்கு 360. இரவு ஒன்பது மணிக்கு விட்டு, வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கு நிறுத்தினால் 3,600 ஆட்டங்கள், அதாவது 1,800 இணைகள். பிழை எல்லை 10 புள்ளிக்குள் வந்துவிடும். புதிதாக எழுதும் எஞ்சினில் ஒரு நல்ல திருத்தம் 30, 50 புள்ளி என்று தாவும் காலம் அது. அதைப் பிடிக்க இந்த ஓர் இரவு போதும். எஞ்சின் முதிர்ந்து, 2 புள்ளித் திருத்தங்களைத் தேடும் நிலை வந்தால் அதே மடிக்கணினி மூன்று வாரத்துக்கு மேல் இரவுதோறும் ஓட வேண்டியிருக்கும். அப்போது ஒரே வகுப்பில் உள்ள பத்துப் பேர், கிராஃப்டியை ஓட்டித் தத்தம் வேகத்தைச் சமன்செய்துகொண்டு, தங்கள் கணினிகளை ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு மூன்று இரவுகளில் அதே வேலை முடிந்துவிடும்.